காரணம் சொல்லாத சாட்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் ஓல்ட் பெய்லி நியாயஸ்தலத்தில் கள்ள நோட்டு வழக்குகள் விசாரிக்கப்பட்ட விதத்தை அக்காலத்து நடவடிக்கைக் குறிப்புகளில் வாசிக்கிறவர்களுக்கு முதன்முதலில் உண்டாவது, ஓர் உயிரைப் பற்றிய விசாரணை இத்தனை சீக்கிரமாகவா முடிந்துபோயிற்று என்கிற திகைப்புத்தான். துணிக்கடைக்காரர் ஒருவர் சாட்சி சொல்ல வருகிறார். எதிரே நிற்கும் பெண் தம் கடைக்கு வந்து சில பென்ஸ் பெறுமான நாடா வாங்கினாள் என்றும், ஒரு பவுன் நோட்டைக் கொடுத்து மீதியை வெள்ளிக் காசாகப் பெற்றுக்கொண்டாள் என்றும், நோட்டின் பின்புறத்தில் அவள் சொன்ன பெயரையும் விலாசத்தையும் தாம் வழக்கப்படி எழுதி வைத்ததாகவும், விசாரித்ததில் அந்த விலாசத்தில் அப்படி ஒருத்தி இல்லையென்று தெரிந்ததாகவும் சொல்லுகிறார். அடுத்து, அந்த நோட்டில் யாருடைய பெயர் கையொப்பமாகக் காண்கிறதோ அந்த வங்கிக் குமாஸ்தா வந்து, எழுத்து தம்முடையதல்ல என்று சொல்லிவிட்டுப் போகிறார். கடைசியாக இங்கிலாந்து வங்கியின் நோட்டுப் பரிசோதகர் வருகிறார். நோட்டை வாங்கி ஒருமுறை புரட்டிப் பார்க்கிறார். காகிதம் வங்கியினுடையதல்ல, அச்சிட்ட தகடும் வங்கியினுடையதல்ல, ஆகவே இது சர்வ அம்சங்களிலும் போலி என்று பிரமாணத்தின்பேரில் கூறுகிறார். எப்படிக் கண்டுபிடித்தீர் என்று யாரேனும் கேட்டால், அது வங்கியின் ரகசியம்.

பெண்ணுக்கு வக்கீல் இருப்பதே அபூர்வம். இருந்தாலும் அவர் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாமேயன்றி ஜூரர்களை நோக்கித் தம் கட்சிக்காரருக்காக வாதிடச் சட்டம் இடம் தரவில்லை. அந்த உரிமை 1836இல்தான் வந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர் தாமே பிரமாணம் செய்து சாட்சி சொல்லலாம் என்பதற்கு 1898 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே, நாடா வாங்கிய பெண் தன் வாயால் ஏதோ இரண்டு வார்த்தை முணுமுணுப்பாள், ஜூரர்கள் தலைகளைச் சேர்த்துக் குசுகுசுப்பார்கள், குற்றவாளி என்பார்கள். தண்டனை மரணம். மன்னரின் கருணை கிட்டாதவர்கள் நியூகேட் சிறையின் வாசலில், ஊரார் பார்க்கத் தூக்கிலிடப்பட்டார்கள்.

இந்த வழக்குகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தூக்குமரத்தின் கொடூரத்தையே பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். ஆயினும் என் மனத்தை விட்டு அகலாமல் உறுத்துவது தூக்குமரத்தைக் காட்டிலும் அந்தப் பரிசோதகர்தான். தண்டனையின் கடுமை காலப்போக்கில் ஒழிந்துவிட்டது. காரணம் சொல்லாமலே சாட்சி சொல்லிவிட்டுப் போகும் உரிமை ஒழியவில்லை. அது கப்பலேறி நம் நாட்டுச் சட்டப் புத்தகத்துக்குள்ளும் வந்து அமர்ந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையில் நான் முறையிட வந்த சங்கதி.

இந்த வழக்குகள் பெருகியதற்கு ஒரு தேதி உண்டு. 1797ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், பிரெஞ்சுப் படையின் ஒரு சிறு பகுதி வேல்ஸ் கரையில் ஃபிஷ்கார்ட் என்னுமிடத்தில் வந்து இறங்க, யுத்த பயத்தில் ஜனங்கள் நோட்டைக் கொடுத்துத் தங்கம் கேட்டு முண்டியடிக்க, கஜானா காலியாகிவிடுமென்று அஞ்சிய சர்க்கார், இனி நோட்டுக்குத் தங்கம் கொடுக்க வேண்டாமென்று வங்கிக்கு உத்தரவிட்டது. அதுவரை இங்கிலாந்து வங்கி வெளியிட்டவற்றில் மிகச் சிறியது ஐந்து பவுன் நோட்டு. அதுவே 1793இல்தான் வந்தது. கூலிக்காரனும் சலவைக்காரியும் அதைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள். தங்க நாணயம் மறைந்ததும் அதன் இடத்தை நிரப்ப ஒரு பவுன், இரண்டு பவுன் நோட்டுகள் அவசரம் அவசரமாக அச்சிடப்பட்டன. எழுத்து வாசனையே அறியாத கைகளுக்குள் காகிதப் பணம் முதன்முறையாக வந்து சேர்ந்தது.

அந்த நோட்டாவது எப்படிப்பட்டது? வெள்ளைக் காகிதத்தில் ஒரே பக்கத்தில் கறுப்பு மையால் அச்சிட்டது. ஒரு மூலையில் பிரிட்டானியாவின் சிறிய உருவம். எண்ணும் தேதியும், கையால் போட்ட ஒரு குமாஸ்தாவின் கையொப்பமும். செப்புத் தகட்டில் செதுக்கத் தெரிந்த சுமாரான கைத்தொழிலாளி எவனும் அதைப் போலச் செய்துவிடலாம். பர்மிங்காமில் செய்தார்கள்; இங்கிலாந்தில் சிறை வைக்கப்பட்டிருந்த பிரெஞ்சு யுத்தக் கைதிகளில் சிலரும் பொழுதுபோகாமல் செய்தார்கள். செய்தவர்கள் முகவிலையில் ஒரு பங்குக்கு மொத்தமாக விற்றுவிட்டுத் தப்பித்துக்கொள்ள, கடை கடையாக ஏறி இறங்கிச் சில்லறை மாற்றியவர்கள்தான் அகப்பட்டார்கள். கள்ள நோட்டைச் செய்வதும் மாற்றுவதும் சட்டத்தின் கண்ணில் ஒரே தரத்துக் குற்றமாகையால், தகட்டைச் செதுக்கியவனுக்கு விதித்த அதே கயிறு நாடா வாங்கியவளுக்கும். 1797க்கு முந்திய ஆண்டுகளில் விரல் விட்டு எண்ணக்கூடியதாக இருந்த இந்த வழக்குகள், தங்கம் திரும்பி வந்த 1821க்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின.

வழக்குத் தொடுத்ததும் வங்கியே. அக்காலத்து இங்கிலாந்தில் அரசாங்க வழக்கறிஞர் என்று தனியாக ஒருவர் இல்லை. நஷ்டப்பட்டவரே வழக்கை நடத்த வேண்டும். ஏழைக்கு அது தாளமாட்டாத செலவு, வங்கிக்கோ பொருட்டில்லாத தொகை. த்ரெட்நீடில் தெருவிலிருந்த வங்கி மாளிகையில் வழக்குகளுக்கென்றே டைரக்டர்களின் கமிட்டி ஒன்று கூடி, யார்மேல் வழக்கு, யாருக்கு மன்னிப்பு என்று பட்டியல் பார்த்துத் தீர்மானித்தது. வங்கியின் சொலிசிட்டர்கள் சாட்சிகளைத் திரட்டினார்கள். துப்பறிகிறவர்களுக்கு வங்கியே கூலி கொடுத்தது. நோட்டு உண்மையா போலியா என்று சொல்லும் நிபுணரும் வங்கியின் சம்பளக்காரர். பண்டத்தை மட்டமாகச் செய்தவரும், அதனால் நஷ்டம் என்று முறையிடுகிறவரும், வழக்காடுகிறவரும், அந்தப் பண்டம் எது என்று நிர்ணயிக்கிறவரும் ஒருவரே என்றால், அங்கே ஜூரர்களுக்கு மிஞ்சுகிற வேலைதான் என்ன?

1801இல் வந்த ஒரு சட்டம் இந்த அதிகாரத்துக்கு மேலும் ஒரு கைப்பிடி போட்டுக் கொடுத்தது. கள்ள நோட்டு என்று தெரிந்து அதைக் கைவசம் வைத்திருப்பது மரண தண்டனைக்குரியதல்லாத, பதினான்கு ஆண்டு நாடுகடத்தலுக்குரிய தனிக் குற்றமாயிற்று. அதன் பிறகு வங்கி ஒரே ஆள்மேல் இரண்டு குற்றப் பத்திரிகைகளைத் தாக்கல் செய்யும்: மாற்றியதற்கு ஒன்று, வைத்திருந்ததற்கு ஒன்று. சிறியதை ஒப்புக்கொண்டால் பெரியதற்கு வங்கி சாட்சியம் கொண்டுவராது. கைதி அதில் விடுதலையாகி மற்றதில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறலாம். இந்தச் சலுகை நூற்றுக்கணக்கானோரைத் தூக்கிலிருந்து காப்பாற்றியது என்பதை மறுப்பதற்கில்லை. காப்பாற்றிய கை எது, கயிற்றின் நுனியைப் பிடித்திருந்த கை எது என்று பார்த்தால் இரண்டும் ஒன்றாக இருந்ததையும் மறுப்பதற்கில்லை. ஒப்புக்கொண்டவர்களின் வழக்கில் பரிசோதகர் வாயே திறக்க வேண்டியதில்லை.

நியூகேட் சிறையிலிருந்து இந்தக் கைதிகள், குறிப்பாகப் பெண்கள், வங்கிக்கு எழுதிய கடிதங்கள் அழியாமல் இருந்து, 2007இல் லண்டன் ஆவணச் சங்கத்தாரால் தொகுப்பாகவும் வெளிவந்திருக்கின்றன. கைக்குழந்தை இருக்கிறது, உடுக்கத் துணியில்லை, கடல் பிரயாணத்துக்கு ஏதேனும் உதவுங்கள் என்று, தங்களை நாடுகடத்தும் அதே ஸ்தாபனத்தை நோக்கி அவர்கள் மன்றாடுகிறார்கள். வங்கியும் இரங்கியது, கப்பலேறும் பெண்களுக்கு ஐந்து பவுன் கொடுத்தது. அந்த ஐந்து பவுன் மெய்யான நோட்டாகத்தான் இருந்திருக்கும் என்று நம்புவோம்.

நிற்க. வங்கியின் கட்சியையும் கேட்க வேண்டும். எந்தப் புள்ளி, எந்த வளைவு, அலையலையான நீர்க்குறியில் எந்த நெளிவு மெய்யைக் காட்டிக்கொடுக்கிறது என்று பரிசோதகர் பகிரங்க நியாயஸ்தலத்தில் விளக்கினால், காலரியில் உட்கார்ந்திருக்கும் செதுக்குத் தொழிலாளி வீட்டுக்குப் போய் அடுத்த தகட்டில் அதைத் திருத்திக்கொள்வான் அல்லவா? இது அற்பமான வாதமல்ல. நானே ஒரு வங்கியின் டைரக்டராக இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டால் அதன் மறுபக்கத்தையும் ஏற்க வேண்டும்: மெய்யான நோட்டின் அடையாளம் வங்கிக்குள் நாலைந்து பேருக்கு மட்டுமே தெரிந்த மறைபொருள் என்றால், அதை வாங்கும் கடைக்காரரும் கொடுக்கும் ஏழையும் குருடர்கள் என்றாகிறது. குருடர்கள் மத்தியில் இப்படி ஒரு காகிதத்தைப் புழங்க விட்ட பொறுப்பு யாருடையது?

தெரிந்தே மாற்றினாள் என்பதை நிரூபிக்க மட்டும் நியாயஸ்தலங்கள் சிரத்தை எடுத்துக்கொண்டன என்பதைச் சொல்லியாக வேண்டும். 1804இல் முடிவான வைலி என்பவரின் வழக்கில், ஒருவர் வேறு கடைகளிலும் அதேபோன்ற கள்ள நோட்டுகளை மாற்றியிருப்பது, அவருடைய மனத்திலிருந்த அறிவைக் காட்டும் சாட்சியமாகும் என்று நீதிபதிகள் தீர்மானித்தார்கள். இந்தக் கோட்பாடும் நமக்கு அந்நியமல்ல: ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வகுத்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 14ஆவது பிரிவில், கள்ள நாணயம் கொடுத்தவனிடம் அதே சமயத்தில் வேறு கள்ள நாணயங்களும் இருந்தன என்பது சம்பந்தமுள்ள சங்கதியே என்று ஓர் உதாரணம் எழுதப்பட்டிருந்தது. மனத்துக்குள் புகுந்து பார்க்க இத்தனை பாடுபட்ட சட்டம், கையில் இருக்கும் காகிதம் போலிதானா என்கிற பிரத்தியட்சமான கேள்விக்கு ஒரு பரிசோதகரின் வாய்ச்சொல்லோடு திருப்தியடைந்துவிட்டது.

அந்த வாய்ச்சொல் தவறாதா? 1818இல் ரான்சன் என்கிற செதுக்குச் சிற்பி, வங்கிப் பரிசோதகர்கள் போலியென்று முடிவுகட்டிய ஒரு பவுன் நோட்டைக் கைவசம் வைத்திருந்தாரென்று கோல்ட் பாத் ஃபீல்ட்ஸ் சிறையில் அடைக்கப்பட்டார். அவர் சலவைக்காரியாக இருந்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். தகட்டையும் அச்சையும் தம் தொழிலாகவே அறிந்தவராகையால் விடாமல் போராடினார். நோட்டு அசல் நோட்டே என்று நியாயஸ்தலத்தில் ஸ்தாபிக்கப்பட்டது. வங்கிக்குத் தன் பிள்ளையையே அடையாளம் தெரியவில்லை என்று லண்டன் நகரம் சிரித்திருக்க வேண்டும். அந்த ஆண்டு லண்டனில் சிரிப்பு அவ்வளவு சுலபமாக வரவில்லை. பிப்ரவரியில் இரண்டு பெண்கள், ஏப்ரலில் ஹாரியட் ஸ்கெல்டன் என்னும் மற்றொருத்தி, எல்லோரும் நோட்டு வழக்கிலேயே தூக்கிலிடப்பட்டிருந்தார்கள். ஸ்கெல்டனுக்காக எலிசபெத் ஃப்ரை அம்மையார் உள்துறை மந்திரி சிட்மத் பிரபுவிடம் நேரில் போய்க் கெஞ்சியும் பலிக்கவில்லை.

அந்த ஆண்டின் டிசம்பர் அமர்வில்தான் ஜூரர்கள் முரண்டு பிடித்தார்கள். பரிசோதகர் வழக்கம்போல் போலி என்றார்; எதனால் என்று கேட்டார்கள்; சொல்வதற்கில்லை என்றார். காரணம் சொல்லாவிட்டால் குற்றவாளி என்று சொல்ல எங்களாலும் ஆகாது என்கிற விதமாக, ஒரு வழக்கிலல்ல, அடுத்தடுத்துச் சில வழக்குகளில், கூண்டில் நின்றவர்களை விடுதலை செய்துவிட்டார்கள். அந்த ஜூரர்கள் சட்ட பண்டிதர்களல்லர், லண்டன் வியாபாரிகள். தினந்தோறும் கல்லாவில் அந்த நோட்டை வாங்கிப்போட்டு, நாளைக்கு இது வங்கியில் செல்லுமோ செல்லாதோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள். கூண்டுக்கும் ஜூரர் ஆசனத்துக்கும் உள்ள தூரம் எத்தனை சொற்பம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1819 ஜனவரியில் சித்திரக்காரர் ஜார்ஜ் க்ரூக்‌ஷாங்க், நியூகேட் வாசலில் பெண்கள் தொங்குவதைக் கண்ணால் கண்ட ஆவேசத்தில் ஒரு கேலி நோட்டை வரைந்தார். வில்லியம் ஹோன் அதை அச்சிட்டு லட்கேட் குன்றில் இருந்த தம் கடையில் விற்றார். பவுன் குறி தூக்குக் கயிற்றால் ஆனது. பிரிட்டானியா தன் குழந்தைகளையே தின்கிறாள். காசாளரின் கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் தூக்குப் போடுகிறவனின் பெயர். கடை வாசலில் கூட்டம் தாளாமல் தெருவே அடைபட்டதாம். தம் சித்திரமே அந்தத் தூக்குகளை நிறுத்தியதாகப் பிற்காலத்தில் க்ரூக்‌ஷாங்க் பெருமையடித்துக்கொண்டார். சித்திரக்காரர்களுக்கு அந்த அளவு ஆசையை மன்னிக்கலாம். உண்மையில் 1821இல் தங்கம் திரும்பி, ஒரு பவுன் நோட்டு ஒழிந்ததுதான் வழக்குகளை வற்றச் செய்தது. பம்பாயில் ரிகார்டர் பதவியிலிருந்து நம் நாட்டு வழக்குகளையும் கேட்டுத் திரும்பிய ஸர் ஜேம்ஸ் மாக்கின்டாஷ் பாராளுமன்றத்தில் விடாமல் வாதாடினார். 1830இல் நாட்டிலுள்ள வங்கிக்காரர்களே திரண்டு, தூக்கு இருக்கிறவரை ஜூரர்கள் குற்றவாளி என்று சொல்லத் தயங்குகிறார்கள், ஆகவே எங்கள் சொத்தின் பாதுகாப்பை உத்தேசித்தாவது தூக்கை எடுத்துவிடுங்கள் என்று மனுக் கொடுத்தார்கள். போலிப் பத்திரம் செய்ததற்காக இங்கிலாந்தில் கடைசி மனிதன் தூக்கிலிடப்பட்டது 1829 டிசம்பர் 31ஆம் தேதி.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி கள்ள நோட்டு அச்சிட்டாலும், தெரிந்தே மாற்றினாலும் ஆயுள் தண்டனை வரையில் விதிக்கலாம். மாற்றும் எண்ணத்தோடு வைத்திருந்தால் ஏழு ஆண்டு வரையில். போலிதான் என்று யார் சொல்வது? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 292ஆவது பிரிவாக இருந்து, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 328ஆவது பிரிவாகப் பெயர் மாறியிருக்கும் விதியை எடுத்துப் பாருங்கள். நாணயசாலை, நோட்டு அச்சகம் முதலியவற்றின் அதிகாரி கையெழுத்திட்ட அறிக்கையை, அவரைச் சாட்சியாக அழைக்காமலே சாட்சியமாகக் கொள்ளலாம். நீதிமன்றம் விரும்பினால் அவரை அழைத்து விசாரிக்கலாம். ஆனால் அறிக்கைக்கு ஆதாரமான பதிவேடுகளைக் கொண்டுவரும்படி அழைக்கக் கூடாது. வந்தாலும், மேலதிகாரியின் அனுமதியில்லாமல், தாம் செய்த சோதனையின் தன்மையையோ விவரத்தையோ அவர் வெளியிடலாகாது. 1818இல் ஓல்ட் பெய்லி பரிசோதகர் வாய்மொழியாகக் கோரிய சலுகையை நாம் எழுத்திலேயே கொடுத்திருக்கிறோம். அவரை மடக்கிய ஜூரர்கள் நம்மிடம் இல்லை. ஜூரி முறையை நாம் கைவிட்டு எத்தனையோ காலமாயிற்று.

எல்லைக்கு அப்பாலிருந்து கத்தை கத்தையாக உயர்தரப் போலிகள் வருகின்ற காலத்தில் அச்சகத்தின் உள் ரகசியங்களைச் சந்தியில் வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான வழக்குகளில் அதற்கு அவசியமும் இராது. ரிசர்வ் வங்கியே மெய் நோட்டின் அடையாளங்களைப் படம் போட்டு விளம்பரம் செய்கிறது: சாய்த்தால் பச்சையிலிருந்து நீலமாக மாறும் இழை, வெளிச்சத்தில் தெரியும் நீர்க்குறி, இடமிருந்து வலமாகப் பெருத்துக்கொண்டே போகும் எண்கள். இவற்றில் எது இல்லை என்று அதிகாரி கூண்டில் ஏறிச் சொல்வதால் எந்த ராஜ்யமும் கவிழ்ந்துவிடாது. இவை எல்லாம் இருந்தும் போலி என்று அவர் சொல்லுகிற அபூர்வ வழக்கில், கதவைச் சாத்திக்கொண்டு நீதிபதியும் இரு தரப்பு வக்கீல்களும் மட்டும் கேட்கட்டும். அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதியின் கையில் இருக்க வேண்டுமே தவிர, சாட்சியின் மேலதிகாரியின் கையில் இருக்கலாகாது. சட்டத்தில் ஒரு வரி திருத்தம் போதும்.

சில மாதங்களுக்கு முன் நான் கணக்கு வைத்திருக்கும் ஒரு வங்கிக் கிளையில் பணம் கட்டப் போனபோது, கவுண்ட்டரில் இருந்த இளைஞர் எண்ணும் யந்திரத்திலிருந்து ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டைத் தனியே எடுத்து வைத்து, “சார், இது கள்ள நோட்டு” என்றார்.

“எப்படித் தம்பி தெரிந்தது?” என்றேன்.

“மிஷின் தள்ளிடுச்சு சார்.”

நோட்டின்மேல் முத்திரை குத்திக்கொண்டு, வாங்கி வைத்ததற்கு ஒரு ரசீது கொடுத்தார். ஐந்நூறு ரூபாய் போயிற்று. அது விதி, குறை சொல்வதற்கில்லை. ரிசர்வ் வங்கி வகுத்துக் கொடுத்திருக்கும் அந்த ரசீதில் நோட்டின் எண்ணுக்கு ஓர் இடம், மதிப்புக்கு ஓர் இடம், எந்த அடிப்படையில் கள்ள நோட்டு என்று கருதப்படுகிறது என்பதற்கும் ஓர் இடம் இருக்கிறது. முதல் இரண்டையும் அவர் அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தார். மூன்றாவதைக் காட்டி, “இதில் என்ன எழுதுவீர்கள்?” என்று கேட்டேன். அவர் என்னையும் யந்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அந்தக் கட்டத்தில் ஒரு கோடு கிழித்து ரசீதை என்னிடம் நீட்டினார்.